பழைய ஹோஸுக்குள் இருந்தது

அந்த ஒர்க்‌ஷாப்பில் வெல்டிங் அவருடையது, ஹோஸ் அவளுடையது. கல்யாணமான மூன்றாம் மாதமே அப்படிப் பிரிந்துபோன வேலை. அவருடைய விரல்கள் தடிமன். இன்ஜினுக்கும் சுவருக்கும் நடுவே இருக்கும் இரண்டு விரற்கடை இடுக்கில் அவருடைய கை போனால் திரும்பி வராது. அவளுடைய கை போய், கிளிப்பை மாட்டி, முறுக்கி, ஒரு கீறல்கூட இல்லாமல் வெளியே வந்துவிடும். அதனால், இன்ஜினுக்குள் காற்றை ஊதி வேகம் கூட்டும் டர்போ வைக்க எந்தக் கார் வந்தாலும் குழாய்களை வளைத்து ஒட்டுவது அவர், சின்னச் சின்ன ரப்பர் ஹோஸ்களை இழுத்துப் போடுவது அவள் என்றாகிவிட்டது.

இந்த முறை வந்தது வெளியார் கார் இல்லை, கொழுந்தனுடையது. பத்து வருஷப் பழைய கார். அதற்கு டர்போ எதற்கு என்று அண்ணன் கேட்டதற்கு, "மாமியார் வீட்டுக்குப் போற மலையில லாரிக்குப் பின்னாலயே ஊர்ந்து ஊர்ந்து எனக்கு வயசாயிடுச்சுண்ணா" என்றான். அண்ணிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவனுக்கும் அவளுக்கும் எப்போதுமே இப்படித்தான். ஒருவர் காலை ஒருவர் வாராமல் பொழுது போகாது. போன மாதம்கூட அவனுக்கு போன் செய்து, "உன் பைக்கைக் காணோம், வாசல்ல வெறும் ஸ்டாண்டு அடையாளம்தான் இருக்கு" என்று சொல்லி, ஆபீஸிலிருந்து அரைநாள் லீவு போட்டு ஓடிவர வைத்தாள். பைக் ஒர்க்‌ஷாப்புக்குள் இருந்தது.

ஐந்து நாள் வேலை. பழைய கறுப்பு ஹோஸ்களையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு, புதிதாக நீல நிற சிலிக்கான் ஹோஸ் போட்டாள். டர்போவின் வேகத்தைக் கட்டுப்படுத்த ஒன்று, மிஞ்சின காற்றை வெளியே விட ஒன்று, மீட்டருக்கு ஒன்று, பிரேக்குக்குப் போகும் தடித்தது ஒன்று. சூடான குழாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, எங்கும் உரசாமல், எங்கும் மடங்காமல். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறத்தில் டேப். பானெட்டைத் திறந்தவர்கள் ஒரு நிமிஷம் பேசாமல் நிற்பார்கள், அத்தனை அழகு.

நான்காம் நாள் கணவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "பிரேக் ஹோஸ் பழசே இருக்கட்டுமே. கம்பெனிக்காரன் போட்டது."

"நீங்க உங்க வெல்டிங்கைப் பாருங்க. போன வாரம் ஒட்டினது எங்க விட்டுச்சுன்னு எல்லாருக்கும் தெரியும்" என்று அவள் திரும்பாமலே சொன்னாள். அவர் போய்விட்டார். அவளிடம் இன்னொரு முறை கேட்டு யாரும் ஜெயித்ததில்லை. தப்பு என்று ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வந்து அந்தக் குடும்பத்தில் யாரும் கேட்டதில்லை. குழம்பில் உப்பு அதிகமானால்கூட, உப்பு கம்பெனியை மாற்றிவிட்டான் என்பாள்.

ஐந்தாம் நாள் காலையில் கொழுந்தன் மனைவியோடு வந்து காரை எடுத்துக்கொண்டு போனான். தெருவில் இரண்டு சுற்று ஓட்டிப் பார்த்தான். பிரேக் வெண்ணெய் மாதிரி இருக்கிறது என்றான். நேராக மலைக்கு அந்தப் பக்கம் மாமியார் வீடு, நாளை மறுநாள்தான் திரும்புவோம் என்று கையாட்டிவிட்டுக் கிளம்பினார்கள்.

கார் போய் முக்கால் மணி நேரம் இருக்கும். அடுத்த காருக்கு ஒரு வயர் தகரத்தில் உரசிக்கொண்டிருந்தது. அதற்கு உறை போட, வழக்கம்போல மூலையில் கிடந்த பழைய ஹோஸில் ஒரு துண்டை எடுத்து நீளவாக்கில் கீறினாள். கத்தி பாதியில் நின்றது. கல் மாதிரி ஏதோ தட்டியது.

பிளந்து பார்த்தாள். உள்ளே கட்டைவிரல் நுனி அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் உருண்டை. வாயில் வைத்து ஊதினாள். ஒரு பக்கம் காற்று போனது. திருப்பி ஊதினாள். போகவில்லை.

ஒருவழி வால்வு. வெளியே தெரிகிற மாதிரி வைக்காமல், கொழுந்தன் காரில் கம்பெனிக்காரன் ஹோஸுக்குள்ளேயே வைத்து மூடியிருக்கிறான். அவள் கையில் இருந்தது பிரேக்கின் பழைய ஹோஸ்.

இன்ஜின் உறிஞ்சுகிற காற்றின் பலத்தில்தான் பிரேக் மெத்தென்று மிதிபடுகிறது. டர்போ இல்லாத காரில் இன்ஜின் உறிஞ்சத்தான் செய்யும், ஊதாது. டர்போ வைத்துவிட்டால், ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போதெல்லாம் அதே ஹோஸ் வழியாகக் காற்று பிரேக்குக்குள் எதிர்ப்பக்கமாகப் பாயும். உறிஞ்சின பலம் குறையாமல் இருக்க வைத்த அந்த உருண்டைதான் அதையும் தடுத்திருக்கும். அது இல்லாவிட்டால் வேகமாக அழுத்திவிட்டுக் காலை எடுத்துப் பிரேக்கில் வைக்கும் அந்த முதல் மிதி கல்லாக நிற்கும். தெருவில் மெதுவாக ஓட்டினால் ஒன்றும் தெரியாது. மலையில் லாரியை முந்தும்போது தெரியும்.

"என்னங்க" என்று கூப்பிட்டாள். அவர் வந்து, அவள் கையைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். நான் அப்பவே சொன்னேனே என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அது அவளை இன்னும் சுட்டது.

கொழுந்தன் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மலையடிவாரம் தாண்டினால் சிக்னல் கிடையாது. அடிவாரத்துக்கு ஒரு மணி நேரம். கடிகாரத்தைப் பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. அவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஓரகத்தியின் நம்பரைப் போட்டாள்.

கணவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, பிரேக் என்று சொல்லிப் பயமுறுத்தாதே, ஏதோ கிளிப் விட்டுப்போச்சு, திரும்பி வாங்க என்று சொல் போதும் என்றார். அவளைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார் என்பது அவளுக்குப் புரிந்தது. வெட்கம் கெட்டு அதையே பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, சொல்லுங்க" என்றாள் ஓரகத்தி. ஸ்பீக்கரில் போடச் சொல்லி, கிளிப் கதையைச் சொன்னாள். கொழுந்தன் சிரித்தான். வண்டி பறக்கிறது, கிளிப்பை வந்து மாட்டிக்கொள்ளலாம் என்றான். பின்னால் காற்று இரைந்தது.

"கிளிப் இல்ல. பிரேக்கு. வண்டியை ஓரங்கட்டு."

"அண்ணி, போன மாசம் பைக்கு, இந்த மாசம் பிரேக்கா? வேற யாராவது இளிச்சவாயன் இருந்தா பாருங்க." ஓரகத்தியும் சேர்ந்து சிரித்தாள். "மலை தெரியுது அண்ணி. அப்புறம் பேசுறேன்."

போனைக் கணவரிடம் கொடுத்து அவரைச் சொல்லச் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அண்ணனும் கூட்டு என்றுதான் நினைப்பான். அவன் நம்புவதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தேயிருந்தது.

"நான் தப்பு பண்ணிட்டேன்" என்றாள். "கேக்குதா? தப்பு என்னோடது. பிரேக் ஹோஸுக்குள்ள ஒரு வால்வு இருந்துச்சு. பாக்காம தூக்கிப் போட்டுட்டேன். உங்கண்ணன் சொன்னாரு, நான் கேக்கல."

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது.

"வழியில லாரி ஒண்ணை ஓவர்டேக் பண்ணினேன்" என்றான் கொழுந்தன். அவன் குரல் மாறியிருந்தது. "பிரேக் கல்லு மாதிரி நின்னுச்சு. காலு சரியா வைக்கலைன்னு நினைச்சேன்."

"ஆக்ஸிலேட்டரைத் தொடாத. அப்படியே உருட்டிட்டு வா. அழுத்தாம விட்டா பிரேக் பிடிக்கும். சும்மா ரெண்டு தடவை மிதிச்சுப் பாரு. பிடிக்குதா?"

அவள் கணவரின் சட்டையைப் பிடித்திருந்தது அவளுக்கே தெரியாது. பிறகு இண்டிகேட்டரின் டிக் டிக் கேட்டது. சரளையில் சக்கரம் நெரிந்தது. ஓரகத்தி அழ ஆரம்பித்தாள்.

வேனில் போய்ச் சேர முக்கால் மணி ஆனது. அடிவாரத்துக்குச் சற்று முன்னால், ஒரு விளம்பரப் பலகையின் நிழலில் கார் நின்றது. ஓரகத்தி காரை விட்டு இருபதடி தள்ளி, பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தாள். அக்கா என்று எழுந்து வரவில்லை.

அண்ணி பானெட்டைத் திறந்து, பிரேக்கின் தடித்த நீல ஹோஸை வெட்டி, பழையதிலிருந்து எடுத்து வந்த வால்வைப் பொருத்தினாள். எந்தப் பக்கம் வர வேண்டும் என்று மூன்று முறை ஊதிப் பார்த்தாள். பத்து நிமிஷ வேலை. கிளிப்பை முறுக்கும்போது விரல் வழுக்கி முதல் முறையாகக் கையில் ரத்தம் வந்தது.

கொழுந்தன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். கிண்டல் ஒன்றும் இல்லை. அவன் திட்டியிருந்தால் அவளுக்கு எவ்வளவோ தேவலை. கடைசியில் மெதுவாகக் கேட்டான். "வேற ஏதாவது இருக்கா அண்ணி?"

இல்லை என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். கண் இன்ஜின் மேல் போனது. நீலம் நீலமாக ஒன்றின் கீழ் ஒன்று நுழைந்து போகும் ஹோஸ்கள். நேற்று வரை அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு தெரிந்தவை.

"தெரியல" என்றாள்.

அவன் தலையாட்டினான். மனைவியைப் பார்த்தான். அவள் ஏற்கனவே பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நாங்க பஸ்ல போறோம்" என்றான் அண்ணனிடம். சாவியை அண்ணியிடம் நீட்டாமல், பானெட்டின் ஓரத்தில் வைத்தான். பஸ் வந்தது, ஏறினார்கள். ஓரகத்தி ஜன்னலோரம் உட்கார்ந்தும் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

காரைத் தூக்கிப் போகும் வண்டிக்கு அவர் போன் செய்தார். வர ஒரு மணி நேரமாகும் என்றார்கள். வேனில் போய் உட்காரு, கையில் துணி சுற்று என்றார் அவளிடம். அவள் அசையவில்லை.

"எல்லாத்தையும் மறுபடி பாக்கணும்" என்றாள். "நீங்க ஒண்ணொண்ணா கேளுங்க. நான் சொல்றேன்."

அவர் தயங்கினார். பிறகு தன் தடித்த விரலால், மேலே இருந்த ஒரு மெல்லிய ஹோஸைத் தொட்டார்.

"இது எங்க போகுது?"

நாக்கு நுனியில் பதில் இருந்தது. அவள் சொல்லவில்லை. குனிந்து, அந்த ஹோஸின் மேல் விரலை வைத்து, அது நுழைந்த இடுக்குக்குள் கையை விட்டு, கடைசி வரைக்கும் தடவிக்கொண்டே போனாள்.