பகிர்ந்தவர் வீட்டுக்கெல்லாம் போன நெய்டா

நெய்டா செத்த மறுவாரம் மரகைபோ நகரத்தில் எத்தனையோ வீடுகளுக்கு ஒரே நேரத்தில் காபி குடிக்கப் போனாள். தன் வீட்டுக்கு மட்டும் போகவில்லை.

அவள் புருஷன் எவெலியோ மந்தோகா சுட்டு விற்கிறவன். சோள மாவையும் பழுத்த வாழைப்பழத்தையும் பிசைந்து, வளையமாக எண்ணெயில் பொரித்தால் மந்தோகா. ட்விட்டர் வந்த புதிதில் ஊர் வியாபாரிகள் தங்களுக்குள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள்: உன் பதிவை நான் பகிர்கிறேன், என்னுடையதை நீ பகிர். படித்துப் பார்ப்பதெல்லாம் கிடையாது, அதற்கு யாருக்கு நேரம்! டயர் கடைக்காரனும் கல்யாணப் பூ விற்கிறவளும் "அருமையான சரக்கு, நம்பி வாங்கலாம்" என்று ஒரு வரி சேர்த்துத் தட்டிவிடுவார்கள். எவெலியோ எழுதியதை யார் பகிர்ந்தாலும், அவர்கள் வீட்டு மேசையில் ஒரு தட்டு மந்தோகா சுடச்சுட வந்து உட்கார்ந்திருக்கும். ருசி பார்த்தவர்கள் மறுநாள் கடையில் வரிசை கட்டினார்கள். இது எப்படி என்று கொஞ்ச நாள் பேசினார்கள். பிறகு பாலாடைக்கட்டி விலையைப் பேசப் போய்விட்டார்கள்.

நெய்டா காய்ச்சலில் போனாள். எவெலியோ அடுப்பு மூட்டவில்லை. ஒரு மத்தியானம் கடைப் பெயரிலேயே எழுதினான்: "என் நெய்டா போயிட்டா. அவ இல்லாம எனக்கு வீடே இல்ல." பாவிகள், அதையும் படிக்காமல் பகிர்ந்தார்கள். அருமையான சரக்கு, நம்பி வாங்கலாம்.

அன்று சாயங்காலம் டயர் கடை நெரியோ மூச்சிரைக்க ஓடி வந்தான். "டேய், உன் பொண்டாட்டி எங்க வீட்ல உக்காந்திருக்காடா! காபியில சர்க்கரை ஜாஸ்தின்னு என் சம்சாரத்தத் திட்டுறா!"

எவெலியோ செருப்புகூடப் போடாமல் ஓடினான். போய்ச் சேர்ந்தபோது காலிக் கோப்பைதான் இருந்தது. எந்த வீட்டுக்கு ஓடினாலும் இதே கதை. தன் பதிவைத் தானே பகிரப் பார்த்தான், ஊஹூம். மந்தோகாவும் விற்றவன் மேசைக்கு ஒருநாளும் வந்ததில்லையே.

கடைசியில் அன்செல்மோ என்று ஒரு பொய்ப் பெயரில் புதிதாகச் சேர்ந்து, அந்தப் பெயரில் பகிர்ந்தான். வந்தாள். தன் வீட்டுக் கதவையே தட்டிவிட்டு, உள்ளே வரலாமா என்று கேட்டுக்கொண்டு வந்தாள்.

"நீங்கதான் அன்செல்மோங்களா? வீடு நல்லா இருக்குங்க. எங்க வீடு மாதிரியே." கோப்பையை வாங்கிக்கொண்டாள். "எங்க வீட்டுக்காரர் அடுப்பே மூட்டறதில்லன்னு போற இடத்துல எல்லாம் சொல்றாங்க. சாப்பிடறாரோ என்னவோ, பாவம்."

நான்தாண்டி என்று சொல்ல எவெலியோ வாயெடுத்தான். சொன்னால் அவன் விற்றவனாகிவிடுவான், அவள் இருக்க மாட்டாள்.

"சாப்பிடுவாரும்மா," என்றான். "நீங்க குடிங்க, ஆறிடப்போகுது."

ஞாயிறுதோறும் திரும்பப் பகிர்கிறான். அவளும் வருகிறாள். தெருவில் யாராவது வாய்தவறி எவெலியோ என்று கூப்பிட்டுத் தொலைத்தால் என்னாவது? அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லோரும் அவனை அன்செல்மோ என்றே கூப்பிடுகிறார்கள்.