அண்ணனைக் கூப்பிட்டவர்கள்

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் ஈரப் போர்வைகளைத் தூக்கித் தூக்கி அவளுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. டாக்டர் எழுதிக்கொடுத்த வலி மாத்திரை முதலில் ராத்திரிக்கு ஒன்று, அப்புறம் காலையிலும் ஒன்று. பிறகு அதற்கு ஒரு வரைமுறையே இல்லாமல் போனது. பழைய மருந்துச்சீட்டை வைத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினாள். மாத்திரை கிடைக்காத நாளில் உடம்பு உதறும், மகள்மேல் எரிந்து விழுவாள். மகள் தன்னிடம் பேசுவதையே நிறுத்திவிட்டாள் என்று உறைத்த அன்றுதான் பயம் வந்தது.

கூட வேலை பார்க்கும் குள்ளியிடம் மட்டும் சொன்னாள். கவுன்சலரைப் பார்க்கப் போகிறேன் என்றதும் குள்ளி அதை வார்டு கவுன்சிலர் என்று எடுத்துக்கொண்டு, "அந்தாளு குழாய்ல தண்ணியே விடமாட்டேங்கிறான், உன் மாத்திரைய எங்க நிறுத்தப்போறான்?" என்றாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

போதை மீட்பு மையத்துக் கவுன்சலர் அம்மா வேறு சமூகத்துக்காரர். ஆனாலும் தன்மையாகப் பேசினார், சாப்பிட்டீர்களா என்று விசாரித்தார். அவள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டாள்: அண்ணனுக்குத் தெரியக்கூடாது. கணவன் விட்டுப்போன பிறகு வீட்டுக்குப் பெரிய மனுஷன் அண்ணன்தான். கெட்டவன் இல்லை, ஊர்வாய்க்குப் பயந்தவன். கவுன்சலர் தலையாட்டினார்.

மூன்றாம் வாரம் அவள் கவுன்சலரின் அறைக்கதவைத் திறந்தபோது அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

அங்கே அவன் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, மகளைப் புத்தகப்பையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டான். ஒரே வாரத்தில் சொந்தபந்தம் முழுக்கச் சேதி பரவியது. பதினொரு மாதம் மகள் அவளோடு இல்லை. அந்த மையத்துப் பக்கமே தலைவைத்துப் படுக்காமல், வேறோர் இடத்தில் சிகிச்சை எடுத்தாள். ஒவ்வொரு தடவையும் குள்ளி வெளியே பெஞ்சில் காத்திருந்தாள். ஒருவழியாக மாத்திரையும் நின்றது, மகளும் வந்து சேர்ந்தாள்.

இரண்டு வருஷம் கழித்துப் பழைய மையத்திலிருந்து போன் வந்தது. புதிதாக வந்திருந்த இயக்குநர் பேசினார். வெவ்வேறு சமூகத்து மக்களைப் புரிந்துகொண்டு சிகிச்சை தருவதற்குக் கவுன்சலர்களுக்குப் பயிற்சி நடக்கிறதாம். மீண்டு வந்தவர் என்ற முறையில் அவளும் நாலு வார்த்தை சொல்ல வேண்டுமாம். அவளும் லீவு போட்டுவிட்டுப் போனாள்.

இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். எல்லோருக்கும் கொடுத்த கோப்பில் அவளுக்கும் ஒன்று கிடைத்தது. மேடையில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தது அதே கவுன்சலர். அவள் சமூகத்தைப் பற்றிய பக்கம் வந்தபோது அவர் நிறுத்தி நிதானமாக வாசித்தார்: "இவர்கள் குடும்பங்களில் மூத்த ஆண்தான் முடிவெடுப்பார். சிகிச்சையின் தொடக்கத்திலேயே அவரைச் சேர்த்துக்கொள்வது மரியாதை."

இத்தனை நாளும் அந்த அம்மா ஏதோ மறதியில் செய்துவிட்டார் என்றே அவள் நினைத்திருந்தாள். மறதி இல்லை. அச்சடித்துக் கையில் கொடுத்துச் செய்யச் சொன்ன காரியம். அவள் தன் முறை வரும்வரை காத்திருக்காமல் எழுந்து நின்றாள்.

"எங்க அண்ணனைக் கூப்பிட்டது இதைப் படிச்சுத்தானா?"

கவுன்சலருக்கு அடையாளம் தெரிய ஒரு நிமிஷம் ஆனது. "உங்க வழக்கத்துக்கு மதிப்புக் கொடுத்துத்தான் கூப்பிட்டேன்" என்றார் மெதுவாக.

"வழக்கத்துக்குக் கொடுத்தீங்க. எதிர்ல உக்காந்திருந்த எனக்குக் கொடுத்தீங்களா? அண்ணன் வேண்டாம்னு வாயால சொன்னேனே. அந்தச் சொல்லைவிட இந்தத் தாளு பெரிசாப் போச்சா?"

கடைசி வரிசையில் இருந்த ஒரு பயிற்சிப் பெண், அப்படியானால் யாரைக் கூப்பிட்டிருக்க வேண்டும் என்று கேட்டாள்.

"என்னைக் கேட்டிருந்தா குள்ளியைக் கூப்பிடுங்கன்னு சொல்லியிருப்பேன். அவ எனக்கு அண்ணனும் இல்ல, அக்காவும் இல்ல. உங்க தாள்ல அவளுக்கு இடமே இல்ல."

இயக்குநர் வருத்தம் தெரிவித்து, அந்த வரியைத் திருத்திவிடுவதாக வாக்குக் கொடுத்தார். அடுத்த அணிக்குப் பயிற்சி தொடங்கியபோது அவள் யாரும் கூப்பிடாமலே போய்க் கோப்பை வாங்கிப் பார்த்தாள். வரி அப்படியே இருந்தது. முன்னால் 'பெரும்பாலும்' என்று ஒரு சொல் சேர்த்திருந்தார்கள், அவ்வளவுதான்.

அவள் நேரே முன்னால் போய் நின்றாள். நடந்ததை ஆதியோடு அந்தமாகச் சொன்னாள். சொல்லி முடித்ததும் எல்லோரையும் பேனா எடுக்கச் சொன்னாள். "அந்த வரிய அடிங்க. பக்கத்துல, 'வந்தவங்கள முதல்ல கேக்கணும்'னு எழுதுங்க. எழுதற வரைக்கும் நான் நகர மாட்டேன்."

ஒவ்வொருவராகக் குனிந்து எழுதினார்கள். பழைய கவுன்சலர் சுவரோரம் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் தன் கோப்பிலும் அடித்து எழுதினார். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவள் கொடுத்திருக்கமாட்டாள்.

மறுநாள் துணி மடிக்கும்போது, மனசு ஆறிவிட்டதா என்று குள்ளி விசாரித்தாள். மகள் இன்றைக்கும் தினம் காலையில் அம்மாவின் கைப்பையில் மாத்திரை இருக்கிறதா என்று திறந்து பார்த்த பிறகுதான் ஸ்கூலுக்குக் கிளம்புகிறாள் என்று அவள் சொன்னாள். அடுத்த அணி எந்தத் தேதியில் வருகிறது என்று நேற்றே கேட்டு வைத்துவிட்டதையும் சொன்னாள்.