சூடு ஆறும்வரை

"மாத்திக்கான் எஞ்சின், பாங்!" என்று கருவாட்டுக் கடை மலாய்க்காரம்மா அதட்டினார். என் பிக்கப்பின் கரும்புகை நேராக அவர் காயவைத்திருந்த நெத்திலியின் மேல் போய்க்கொண்டிருந்தது. நியாயமான கோபம்தான். எஞ்சினை அணைத்தேன். அணைத்த பிறகுதான் இந்த வண்டியின் குணம் நினைவுக்கு வந்தது.

நெத்திலி வாங்கப் பத்து நிமிடம். திரும்பி வந்து சாவியைத் திருகினால் 'டக்' என்று ஒரே ஒரு சத்தம். ஸ்டார்ட்டர் சுற்றவில்லை. மணி ஐந்து பத்து. எதிரே மணலில் விளையாடிக்கொண்டிருந்த மகள் ஃபெலிசியாவை ஆறு மணிக்குச் சுங்கை பட்டாணியில் அவள் அம்மா ஜேனிடம் விட வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு, காலை பத்து முதல் மாலை ஆறு வரை. கோர்ட் எனக்குக் கொடுத்த மகள் அவ்வளவுதான். ஏற்கெனவே இரண்டு முறை இதே வண்டியால் தாமதம். "மூணாவது முறை நடந்தா வக்கீல்கிட்ட போவேன், அப்புறம் என் வீட்டு ஹால்லதான் வந்து அவளைப் பாத்துட்டுப் போகணும்" என்று ஜேன் சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள்.

இந்த ஸ்டார்ட்டர் என்னிடம் மட்டும்தான் வாலாட்டும். மெக்கானிக் சிவநேசன் பேட்டரியை மாற்றினான், வயர் முனைகளைச் சுரண்டினான். ஆனால் அவன் கை பட்டால் போதும், நல்ல பிள்ளையாகக் கிளம்பிவிடும். "எங்கிட்ட நல்லாதானே ஸ்டார்ட் ஆவுது, சில்வெஸ்டர் அண்ணே. கெடாத சாமான எப்படி லா ரிப்பேர் பண்றது?" என்பான்.

ஸ்பேனரோடு அடியில் புகுந்து ஸ்டார்ட்டரைத் தட்டப்போனேன். கை வெந்துவிட்டது. அப்போதுதான் புத்தியில் உறைத்தது. ஒவ்வொரு தடவையும் வெகுதூரம் ஓட்டி, சூட்டோடு அணைத்த இடத்தில்தான் இது படுத்திருக்கிறது. சிவநேசனிடம் போய்ச் சேருவதற்குள் ஆறிவிடுகிறது. கண்டுபிடித்து என்ன பிரயோஜனம்? ஆட்டோ கியர், தள்ளியும் கிளப்ப முடியாது. வாடகைக் கார் எதுவும் நாங்கள் மாட்டிக்கொண்ட தஞ்சோங் டாவாய் வரைக்கும் வர ஒப்பவில்லை.

வண்டி ரோசாக், பழுதாகிக் கிளம்பவில்லை என்று ஜேனுக்குப் போன் செய்தேன்.

"திரும்பவும் கார் ரோசாக்கா? அங்கயே இருங்க. நானே வரேன்."

சாவியை அதன் பிறகு நான் தொடவில்லை. அவள் காதால் அந்த 'டக்'கைக் கேட்கட்டும், கிளம்பிவிடாதே என்று என் வண்டியிடமே கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

ஆறேகாலுக்கு ஜேன் வந்தாள். நேராக பிக்கப்பில் ஏறிச் சாவியைத் திருகினாள். முதல் திருகலிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது.

"சூடா இருந்தா ஸ்டார்ட்டர் சுத்தாது, ஜேன். இப்ப ஆறிடுச்சு, அதான்..."

"போதும்." அவள் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் என்னை நொறுக்கியது. "நாளைக்கு வக்கீலைப் பாக்கறேன்."

ஃபெலிசியா பையை மாட்டிக்கொண்டு வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். எட்டு வயது. காதோடு வாயை வைத்து, "எனக்குத் தெரியும்பா. மம்மிகிட்ட சொல்ல மாட்டேன்," என்றாள்.

"என்னம்மா தெரியும்?"

"என்னை அனுப்ப இஷ்டமில்லாமதானே கார் ரோசாக்னு சொன்னீங்க?"

முகமெல்லாம் சிரிப்பு. இல்லையம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் பேச்சை விட்டு, அவள் பை வாரைச் சரிசெய்துவிட்டேன்.

அவர்கள் போன பிறகு அரைமணி நேரம் எஞ்சினைச் சூடேறும்படி ஓடவிட்டு உட்கார்ந்திருந்தேன். கருவாட்டுக் கடையம்மா கடையை மூடிவிட்டுப் போய்விட்டார். ஜேனுக்குப் பிடிக்குமே என்று வாங்கிய நெத்திலி சீட்டில் கிடந்தது. எஞ்சினை அணைத்தேன். பத்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருகினேன்.

டக்.