வளைவுக்கு அந்தப் பக்கம்

கடைத்தெருவில் மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கியிருந்த சின்ன ஸ்டுடியோ அவளுடையது. வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பாஸ்போர்ட் போட்டோவுக்குத்தான் வருவார்கள். "தாடையை இறக்குங்க, சிரிக்காதீங்க" என்று ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது சொல்லுவாள். சிரிக்காதே என்று சொல்லியே சம்பாதிக்கிறவள் ஊரிலேயே நீ ஒருத்திதான் என்று தங்கை கேலி செய்வாள்.

தங்கை ஆஸ்பத்திரியில் நர்ஸ். சிறுநீரகம் கெட்டுப்போனவர்களின் ரத்தத்தை இயந்திரத்தில் விட்டுச் சுத்தம் செய்யும் பிரிவு. வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம், கையில் இரண்டு ஊசியோடு அசையாமல் படுத்திருக்க வேண்டும். எதிரே வெறும் சுவர்.

"அந்தச் சுவரைப் பாத்துப் பாத்து அவங்களுக்குப் பைத்தியமே புடிச்சிரும்போல இருக்குக்கா. ஊருக்கு வெளியில காட்டுப்பாதை இருக்குல்ல, அதைப் பெருசா ஒரு படம் எடுத்துக் குடேன். அமைதியா இருக்கணும். டாக்டர்கிட்ட கேட்டுட்டேன், சரின்னுட்டாரு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமலும் அவள் கேமராவும் ஸ்டாண்டுமாகக் கிளம்பினாள். அடைத்த அறையில் விளக்கைத் திருப்பித் திருப்பி வைத்துப் பழகியவளுக்கு, அங்கே வெளிச்சம் தன் இஷ்டத்துக்கு இலைகளுக்கு நடுவே இறங்கிக்கொண்டிருந்தது ஆச்சரியமாக இருந்தது. இருபது நிமிடம் நடந்திருப்பாள். பாதை ஒரு பெரிய மரத்தைச் சுற்றி வளைந்து மறைந்தது. சருகு மேல் சாய்வாக வெயில். ஸ்டாண்டை நட்டு, வெயில் இன்னும் கொஞ்சம் ஏறக் காத்திருந்து, எடுத்தாள். பார்த்ததுமே தெரிந்துவிட்டது, இதுதான் படம் என்று. அப்படியே திரும்பிவிட்டாள். ஒன்பதரைக்குக் கடை திறக்க வேண்டும்.

ஆறடி அகலத்துக்கு அச்சடித்து மாட்டினார்கள். எல்லோரும் ஆகா ஓகோ என்றார்கள். மூன்றாவது படுக்கைக்காரர் மட்டும் வாயைத் திறக்கவில்லை. அவர் இருபத்தெட்டு வருடம் மலைப்பாதையில் பஸ் ஓட்டியவர். அந்தப் பிரிவில் அவருக்கு டிரைவர் என்றே பெயர்.

"படம் புடிக்கலையாய்யா?" என்று அவளே கேட்டாள்.

"நல்லாத்தாம்மா இருக்கு. அந்த வளைவுக்கு அப்புறம் என்ன?"

"அங்கயும் மரம்தான்."

"போய்ப் பாத்தீங்களா?"

அவள் அசடு வழிந்தாள். "இல்லைங்க."

"அதானே. எனக்கு வளைவுக்கு அந்தப் பக்கம் தெரியலைன்னா கால் தானா பிரேக்கைத் தேடும்மா. போன தடவை நாலு மணி நேரமும் மிதிச்சுக்கிட்டே படுத்திருந்தேன்."

பக்கத்துப் படுக்கைத் தையல்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். படம் எடுத்தவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்குப் போன பிறகும் அந்தக் கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது.

வியாழக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு மறுபடியும் போனாள். வளைவுக்கு வந்ததும் தங்கைக்கு வீடியோ கால் போட்டாள். தங்கை போனை டிரைவரின் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"ஐயா, வளைவு வந்துருச்சு. போகட்டுமா?"

"மெதுவா, மெதுவா. ஹாரன் அடிச்சுட்டுப் போங்க."

ஆளில்லாத காட்டில் அவள் "பீப் பீப்" என்றாள். போனுக்குள் நாலைந்து பேர் சிரிப்பது கேட்டது.

வளைவுக்கு அப்பால் ஒரு இரும்புத் தண்ணீர்த் தொட்டி துருப்பிடித்துக் கிடந்தது. அதைத் தாண்டிப் பாதை இரண்டாகப் பிரிந்தது.

"இப்ப எந்தப் பக்கம்?"

"இடது பக்கம் புல்லு மிதிபட்டிருக்கு பாருங்க. ஆளுங்க போற வழி அதான். அப்படியே..."

லைன் அறுந்துவிட்டது. திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தாள், சிக்னல் இல்லை. எப்போதும் போலத் திரும்பிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. இடது பக்கம் நடந்தாள்.

கால் மணி நேரத்தில் சத்தம் முதலில் வந்தது, பிறகு ஓடை. அகலமில்லை, தாவினால் தாண்டிவிடலாம். அடியில் கிடந்த கூழாங்கற்களை எண்ணிவிடலாம்போலத் தெளிந்த தண்ணீர். அவள் கேமராவை எடுக்கவில்லை. கரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்பாவும் அதே பிரிவில்தான், ஜன்னலோரப் படுக்கையில், போய்ச் சேர்வதற்கு முன் எட்டு மாதம் படுத்திருந்தார். அந்த நோய்க்கு ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது. தங்கையிடம் கேட்டால் தரமாட்டாள் என்று அவருக்குத் தெரியும். இவள் போகும்போதுதான், "ஒரு வாய் தண்ணி குடும்மா" என்பார். கொடுக்கவும் முடியாமல், இல்லையென்று சொல்லவும் முடியாமல், "கடையில ஆள் நிக்கறாங்கப்பா" என்று பத்தாவது நிமிடமே கிளம்பிவிடுவாள். கடையில் யாரும் நின்றதில்லை. அதைத் தங்கையிடம்கூட அவள் சொன்னதில்லை.

வெகு நேரம் கழித்துத்தான் எழுந்து ஓடையைப் படமெடுத்தாள். ஒன்றே ஒன்று.

அதை அச்சடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதைப் பார்த்ததும் தங்கை முகம் சுளித்தாள். "என்னக்கா நீ? சொட்டுத் தண்ணிக்குத் தவிச்சுக்கிட்டிருக்கறவங்ககிட்ட ஓடையைக் கொண்டுவந்து காட்டறியே!"

"அங்க அதுதான்டி இருந்துச்சு."

"தொட்டியை எடுத்திருக்கலாமில்ல?"

"அவர் கேட்டாரு. பொய் சொல்லச் சொல்றியா?"

தங்கை மருந்து டிரேயை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

டிரைவர் படத்தைக் கண்ணுக்கு அருகில் வைத்துக்கொண்டு பார்த்தார். தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கியது. "குடிக்கக் கூடாதுன்னுதானே டாக்டர் சொன்னாரு? பாக்கக் கூடாதுன்னு சொல்லலையே. சுவத்துல மாட்டுங்கம்மா."

"வேண்டாம்" என்றாள் தையல்காரம்மா. குரலில் கோபம் இருந்தது. "உங்களுக்கென்ன, தெம்பா பேசுவீங்க. எனக்கு இப்பவே நாக்கு மேலண்ணத்துல ஒட்டுது. என் கண்ணுல படற மாதிரி அதை மாட்டினா நான் வேற ஆஸ்பத்திரிக்குப் போயிருவேன்."

டிரைவர் படத்தைத் தன் மருந்துச் சீட்டுகள் இருந்த கோப்புக்குள் வைத்துக்கொண்டார். "பஸ்ஸுல ஒருத்தருக்கு வாந்தி வந்தாக்கூட நிறுத்தித்தாம்மா ஆகணும்" என்றார் அவளிடம், மெதுவாக. பிறகு, "கடைக்கு அவசரமா?" என்று கேட்டார்.

"இல்லைங்க."

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவர் மலைப்பாதையில் தான் ஓட்டிய நாற்பத்திரண்டு வளைவுகளையும் கீழிருந்து ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். பதினேழாவதில் தூங்கிவிட்டார். அவள் எழுந்திருக்கவில்லை. ஊசியை எடுக்க வந்த தங்கை, அக்கா இன்னும் அங்கேயே இருப்பதைப் பார்த்து ஒரு நிமிடம் நின்றாள். போகும்போது அவள் தோளில் கை வைத்துவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் மத்தியானம் கடையை அடைத்துவிட்டு அங்கே வந்து உட்காருவது வழக்கமாயிற்று. டிரைவரோடு பேசுவாள். தையல்காரம்மாவோடும் பேசுவாள், துணியைப் பற்றி, கூலி கொடுக்காமல் இழுத்தடிக்கிற ஆட்களைப் பற்றி. ஓடைப் பேச்சை யாரும் எடுப்பதில்லை.

ஐந்தாவது சனிக்கிழமை டிரைவர் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். தையல்காரம்மா அவர் படுக்கைப் பக்கம் தலையைத் திருப்பினாள்.

"அந்தக் கோப்புல இருக்கே, அதை எடு" என்றாள்.

"வேண்டாம்க்கா, விடுங்க."

"எடுன்னா எடு."

எடுத்துக் கொடுத்தாள். தையல்காரம்மா ஊசி குத்தாத கையால் வாங்கி, நெஞ்சின் மேல் வைத்து, துணியின் ஓரத்தை நீவுகிற மாதிரி படத்தின் ஓரத்தை விரலால் நீவினாள்.

"தண்ணி சில்லுன்னு இருந்துச்சா?"

அவள் உள்ளதைச் சொன்னாள். "கிளம்பும்போது காலை விட்டுப் பாத்தேன்க்கா. எலும்பு வரைக்கும் ஏறிச்சு. கொஞ்ச நேரத்துல கால் இருக்கறதே தெரியலை."

"ம்."

"அடியில கல்லெல்லாம் வழவழன்னு இருந்துச்சு. ஒரு இலை சுத்திச் சுத்தி வந்துச்சு, போகாமயே."

தையல்காரம்மா கண்களை மூடிக்கொண்டாள்.

"இன்னும் சொல்லு" என்றாள்.