வேலியில் தொங்கிய ரொட்டி

மன்னூபியா தன் வாழ்நாளில் ஒரு துண்டு ரொட்டியைக்கூடக் குப்பையில் போட்டதில்லை. அதைத் தெருவெங்கும் சொல்லிக்கொள்ளவும் அவள் தயங்கியதில்லை. தவறிக் கீழே விழுந்த ரொட்டியை எடுத்து முத்தமிட்டு, நெற்றியில் ஒற்றி, உயரமான இடத்தில் வைக்கிற ஊர் அது. மீன் முள்ளும் முட்டை ஓடும் கிடக்கிற வாளிக்குள் ஆண்டவன் கொடுத்த உணவைப் போட யாருக்குத்தான் மனம் வரும்? அதனால் காய்ந்த ரொட்டிகளை பிளாஸ்டிக் பையில் திணித்து, பூனை வாய் வைக்காதபடி இறுக முடிச்சுப் போட்டு, தெருமுனைக் காலிமனையின் கம்பி வேலியில் மாட்டிவிடுவாள். ஆடு மாடு வைத்திருப்பவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்பது கணக்கு.

பேஜா நகரின் ஓரத்திலிருந்த அந்தத் தெருவில் எல்லாப் பெண்களும் செய்தது இதைத்தான். ஆனால் மன்னூபியா மாட்டும் பைகள்தான் அதிகம். பிள்ளைகள் பிழைப்புக்காகத் தலைநகர் போய்விட்டார்கள். வீட்டில் அவளும் கணவன் முன்ஜியும்தான். ரொட்டி வாங்குவது மட்டும் வீடு நிறைந்திருந்த காலத்து அளவிலேயே நின்றுவிட்டது.

"திடீர்னு யாராவது வந்தா மேசையில ரொட்டி இல்லாம நான் முழிக்கவா?" என்பாள்.

"யாரும்மா வர்றா? நாம ரெண்டு பேரும் இருக்குறதே அந்த வேலிக்கு ரொட்டி வாங்கிப் போடத்தான்" என்பார் முன்ஜி. அவர் பேச்சு அந்த வீட்டில் என்றைக்கு அம்பலம் ஏறியது? ரொட்டி மலிவு. பையோ இலவசம்.

வேலி ரொட்டியெல்லாம் எதிர்வீட்டு ஹலூமாவின் பசுவுக்குத்தான் போகும். ஹலூமா கணவனை இழந்தவள், பிள்ளையில்லாதவள். ஹம்ரா என்ற அந்தச் செந்நிறப் பசுவின் பாலும் மோரும்தான் அவளுக்குச் சோறு போட்டன. சோறு மட்டுமா, பேச்சுத்துணையும் அதுதான். காலையில் வேலிக்குப் போய்ப் பைகளை அவிழ்த்து, பூஞ்சை பிடித்ததை ஒதுக்கி, மீதியைத் தண்ணீரில் நனைத்து, "சாப்பிடுடி என் ராசாத்தி" என்று ஊட்டுவாள். அந்த வருடம் ஹம்ரா சினையாக வேறு இருந்தது. பிறக்கப்போகும் கன்றை வளர்த்துவிட்டால் முதுமைக்குக் கவலையில்லை என்று அவள் நம்பியிருந்தாள்.

கோடையில் ஹலூமாவுக்கு முழங்கால் வீங்கி, நடமாட்டம் நின்றது. பசுவை ஓட்டிப்போய்க் காலிமனையில் கட்டும் வேலையை மன்னூபியா தானாகவே ஏற்றுக்கொண்டாள்.

"பையை அவுத்து ரொட்டிய மட்டும் கொடு, என்ன?" என்றாள் ஹலூமா.

"எனக்குத் தெரியாதாக்கா? நீ காலை நீட்டிப் படு."

தெரியாமலில்லை. ஆனால் வீட்டில் தக்காளி காயப்போட்டிருந்தாள். தொலைக்காட்சியில் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. பைகளை அவிழ்க்காமலே, கயிற்றை வேலி எட்டும்படி நீளமாக விட்டுக் கட்டிவிட்டு வந்துவிடுவாள். ஒருநாள் திரும்பிப் போனபோது, ஹம்ராவின் வாயிலிருந்து பாதிப் பை தொங்கிக்கொண்டிருந்தது. உப்பும் மாவும் மணக்கிற பை தீனியில்லை என்று மாடு என்ன கண்டது? மன்னூபியாவுக்குச் சிரிப்பு வந்தது. "அவ்வளவு அவசரமா உனக்கு?" என்று பிடித்து இழுத்தாள். கையோடு கொஞ்சம் கிழிந்து வந்தது. மீதி உள்ளே போய்விட்டது. சாணியோடு வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டாள். ஹலூமாவிடம் சொல்லவில்லை.

இலையுதிர் காலம் வந்ததும் ஹம்ரா தீனியைக் குறைத்தது. பால் வற்றியது. விலா எலும்புகள் தெரிய, இடப்பக்க வயிறு மட்டும் புடைத்து நின்றது. மன்னூபியாவுக்குக் காரணம் உடனே தெரிந்துவிட்டது.

"மூலைவீட்டு ஸகியாவோட கண்ணுதான்க்கா! 'ஏ அப்பா, எம்மாம் பால்!'னு வாயப் பொளந்தாளே, கண்ணு படாம இருக்க ஒரு மாஷா அல்லா சொன்னாளா? கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதுன்னு சும்மாவா சொன்னாங்க?"

சாம்பிராணி புகைத்தாள். பசுவின் கழுத்தில் மீன் உருவத் தாயத்தைக் கட்டினாள். ஸகியாவோடு பேச்சை நிறுத்தினாள். ரொட்டியைப் பாலில் நனைத்து ஹம்ராவின் வாயருகே கொண்டுபோனாள். அது முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

ஒருநாள் காலை பசு எழுந்திருக்கவில்லை. அப்போதுதான் மாட்டு டாக்டரை அழைத்தார்கள். அவர் இடப்பக்க வயிற்றில் முஷ்டியை வைத்து அழுத்தினார். அழுத்திய பள்ளம் மேலெழவில்லை.

"பிளாஸ்டிக் தின்னுச்சா?"

"நாங்க ரொட்டி மட்டும்தான் கொடுக்குறோம்" என்று முந்திக்கொண்டாள் மன்னூபியா. சொன்ன பிறகுதான் வாயிலிருந்து தொங்கிய அந்தப் பாதிப் பை அவள் கண்முன் வந்தது.

டாக்டர் ஹலூமாவின் பக்கம் குனிந்தார். "முன்னாடியே கூப்பிட்டிருந்தா வயித்தைக் கிழிச்சு எடுத்துப் பாத்திருக்கலாம்மா. இப்ப அதுக்குத் தாங்காது. வலியில கிடக்க விடாதீங்க."

"கன்னு?" என்றாள் ஹலூமா.

"பிழைக்கிற காலம் இன்னும் வரல."

ஹலூமா நொண்டியபடி வந்து தரையில் அமர்ந்து, பசுவின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். கழுத்துத் தாயத்தை அவிழ்த்து மன்னூபியாவின் கையில் கொடுத்தாள். பிறகு, முன்ஜி கூட்டிவந்து கத்தியோடு நின்றிருந்த கசாப்புக்காரரிடம், "பிஸ்மில்லா சொல்லி அறுங்க" என்று மட்டும் சொன்னாள்.

இரைப்பையை அறுத்தபோது தெருவே கூடி நின்றது. உள்ளிருந்து பைகள் வந்தன. நீலம், கறுப்பு, வெள்ளை. ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு, இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தன. சிலவற்றில் முடிச்சுகூட அவிழவில்லை. உள்ளே ரொட்டி கறுத்த கூழாகக் கிடந்தது. பார்த்த பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஸகியா முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள். கடைசியில் கன்றை வெளியே எடுத்துத் துணியில் வைத்தார்கள். தாயின் செந்நிறம் அப்போதுதான் அதன் தோலில் தெரியத் தொடங்கியிருந்தது.

மன்னூபியா ஹலூமாவின் காலடியில் விழுந்தாள்.

"அக்கா, நான் பாத்தேன். கோடையில ஒருநாள் பையோட மென்னுக்கிட்டிருந்துச்சு. பாத்துட்டுச் சிரிச்சேன்க்கா. உங்கிட்ட மறைச்சுட்டேன். ரொட்டிய குப்பையில போடமாட்டேன்னு பீத்திக்கிட்டு, குப்பைய ஒரு வாயில்லா ஜீவனோட வயித்துல கொட்டியிருக்கேன்."

ஹலூமா அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் மன்னூபியாவுக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

"ஒரு நாள்ல ஒரு பையில இது நடக்கல, தங்கச்சி. காலையில ரொட்டிய எடுத்துட்டு, அந்த வெறும் பைய நான் எங்க போட்டேன்? அங்கேயேதான் வீசினேன். உப்பு மணத்துக்கு அதையும் தின்னுருக்கும். உன்ன நான் மன்னிச்சிடுவேன். என்னை மன்னிக்க வேண்டியவ இதோ படுத்துக்கிடக்குறா." பசுவின் நெற்றியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கதறினாள்.

பசு இல்லாத வீட்டில் ஹலூமாவுக்கு என்ன வேலை? குளிர் தொடங்கும் முன்பே, மலைக்கு அந்தப் பக்கமிருந்த தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது கறவைச் செம்பைக்கூட எடுத்துப்போகவில்லை. எதிர்வீட்டுப் பூட்டைப் பார்க்காமல் மன்னூபியாவால் வாசலைத் தாண்ட முடியவில்லை. முதலில் ஸகியாவின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டாள். பிறகு இருவருமாகச் சேர்ந்து வேலியிலிருந்த பைகளைக் கழற்றி, காலிமனையில் புதைந்து கிடந்தவற்றையும் கிளறிப் பொறுக்கினார்கள். பொறுக்கப் பொறுக்கத் தீரவில்லை.

மறுநாள் மன்னூபியா, பழைய திரைச்சீலையில் தைத்த பையோடு, எப்போதும் வாங்கும் தாயேபின் ரொட்டிக்கடைக்குப் போனாள். வரிசையில் அக்கம்பக்கத்தவர் நின்றிருந்தார்கள்.

"ரெண்டு ரொட்டி போதும்" என்றாள்.

"என்ன அதிசயம்! சுல்தான் அரண்மனைக்கே அனுப்புற மாதிரி வாங்குவியே?" என்று சிரித்த தாயேப், பழக்கதோஷத்தில் ஒரு பிளாஸ்டிக் பையை உதறி விரித்தான்.

"அது வேணாம். துணிப்பை இருக்கு."

"அட, சும்மாதான கொடுக்குறேன், வாங்கிக்கோ. ஒரு பையில என்ன ஆகிடப் போகுது?"

மன்னூபியாவின் கண்கள் நிறைந்தன. குரல் மட்டும் உடையவில்லை.

"ஒரு பசுவும் அது வயித்துல இருந்த கன்னும் போச்சு, தாயேப். ஒரு பொம்பளையோட பிழைப்பும் போச்சு. நாங்க யாரும் கெட்டவங்க இல்ல. புண்ணியம்னு நினைச்சுத்தான் செஞ்சோம். மனசு நல்லதா இருந்தா மட்டும் போதாதுப்பா, கைப்பழக்கமும் நல்லதா இருக்கணும். வேணுங்கிற அளவு வாங்கணும், பைய வீட்டுலேருந்து எடுத்துட்டு வரணும். நாம ஒரு நிமிஷம் கையில பிடிச்சுட்டு வீசுறத, பேசத் தெரியாத ஏதோ ஒரு உசுருதான் சாகுற வரைக்கும் சுமக்குது."