கெட்ட கட்டி இல்லையாம்

எட்டு மாதத்தில் பிறந்த என் மகனின் தலை உடம்பைவிடப் பெரிதாக இருந்தது. ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் மக்டலீன் அக்கா பதறிப்போய், டொக்டர் வருமுன்பே தலையில் தண்ணீர் வார்த்து, செபமாலை என்று பெயரும் சொல்லி ஞானஸ்நானம் கொடுத்துவிட்டாள். பிள்ளைக்கு அப்போது உயிர் இருந்திருந்தால்தான் அது செல்லும். அக்காவுக்கு நிச்சயமில்லை. என் மனைவி யசிந்தா மட்டும் ஒரு முனகல் கேட்டதாகச் சாதித்தாள்.

பங்குச் சுவாமி அசையவில்லை. "உயிரோடை பிறந்ததெண்டு டொக்டர் எழுதித் தரட்டும், உள்ளுக்கு எடுத்து வைப்பம்" என்றார். பிள்ளையைக் கோயில் கல்லறைகள் இருக்கிற சேமக்காலையின் வேலிக்கு வெளியே, பெயரில்லாமல் தாட்டோம்.

புதைக்கமுன் டொக்டர் மூளையை எடுத்துக் கொழும்புக்குச் சோதிக்க அனுப்பியிருந்தார். சண்டையால் பாதை பூட்டியிருந்ததால், முடிவு நாலு மாதம் கழித்துச் செஞ்சிலுவைக் கப்பலில்தான் வந்தது. யசிந்தாவை ஆஸ்பத்திரி வாசலில் இருத்திவிட்டு டொக்டரிடம் போனேன்.

"அடைக்கலநாதன், இது மெத்த அபூர்வம். மூளைக்குள்ளை நீர் சுரக்கிற இடத்திலை பூக்கோவா மாதிரிக் கொத்துக் கொத்தாய் ஒரு கட்டி. வயித்துக்குள்ளையே வளந்திருக்கு. ஆனால் கெட்ட கட்டி இல்லை. புற்றுநோய் இல்லை, பரவாது."

"கெட்டது இல்லையெண்டால் பிள்ளை ஏன் டொக்டர் செத்தது?"

"அது நீரைக் கூடச் சுரந்துபோட்டுது. தலை வீங்கி மூளை நசிஞ்சுபோச்சு."

எனக்கு மண்டை விறைத்தது. பிள்ளையைத் தின்ற ஒன்றைக் கெட்டதில்லை என்று சொல்ல இவர்களுக்கு எப்படி வாய் வருகிறது என்று கோபமும் வந்தது. அவர் இன்னொருமுறை விளக்கினார். இன்னும் குழம்பினேன்.

கடைசியில் வந்த காரியத்தைக் கேட்டேன். "அவன் மூச்சு விட்டவனோ?"

அவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். "அது சுவாசப்பையைப் பாத்தால்தான் தெரியும். நாங்கள் மூளையை மட்டுந்தான் அனுப்பினது."

வெளியே வந்தேன். யசிந்தா எழுந்து நின்றாள்.

"என்னவாம்?"

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு உண்மையைச் சொல்ல என்னால் முடியவில்லை. சுவாமியைப் பிறகு சமாளிக்கலாம் என்று நினைத்தேன்.

"மூச்சு விட்டவனாம்."

அவள் சிலுவை அடையாளம் போட்டாள். எனக்கும் நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கியது. இரண்டடி நடந்திருப்போம், அவள் நின்றுவிட்டாள்.

"அப்ப உயிரோடை இருந்த பிள்ளையை ஏன் ஒருத்தரும் காப்பாத்தேல்லை?"