ஜெரினா காட்டிய காலி மில்

லைசென்ஸைக் கேட்காத அதிகாரியை ஜெரினா தன் வாழ்நாளில் பார்த்ததில்லை. அதனால்தான் நீலமேகம் என்று பெயர் சொல்லிப் போனில் பேசியவரை அவளுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. மரத்தொழில் ஏன் நொடித்துப் போகிறது என்று பார்க்க டெல்லியில் ஒரு குழு போட்டிருக்கிறார்களாம். அதற்காக இவர் வருகிறாராம். எந்தக் காகிதமும் எடுத்து வைக்க வேண்டாமாம், மில் ஓடுவதைப் பார்த்தாலே போதுமாம். இப்படி இனிக்க இனிக்கப் பேசுகிறவனை நம்பச் சொன்னால் எப்படி நம்புவது?

திருவொற்றியூரில், எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டிய அந்தச் சந்தில் மிஞ்சியிருந்தவை ஐந்து மர அறுவை மில்கள். அதில் ஒன்றை ஜெரினாவும் தம்பி வசீமும் நடத்தி வந்தார்கள். ஐந்து மில்லுக்கும் சேர்த்து ஒரு சங்கம் இருந்தது. அதற்கு ஜெரினாதான் செயலாளர். யாரும் நின்று ஜெயித்த பதவி அல்ல, அவளை எதிர்த்துப் பேச யாருக்கும் தெம்பில்லை, அவ்வளவுதான்.

துறைமுகத்தில் இறங்கும் வெளிநாட்டுத் தேக்குக் கட்டைகளை வாங்கி வந்து, அறுத்து, வாசல்நிலைக்கும் கதவுக்கும் சட்டமாக விற்பது அவர்கள் பிழைப்பு. இப்போதோ மரத்தை அந்த நாட்டிலேயே அறுத்து, சூடான அறையில் வைத்து ஈரத்தை வாங்கி, சட்டமாகவே கண்டெய்னரில் அனுப்பிவிடுகிறார்கள். அது வளைவதில்லை. ஜெரினா விற்ற சட்டம் ஏசி போட்ட வீட்டுக்குப் போனதும் முறுக்கிக்கொள்ளும், வீட்டுக்காரர் போனில் கத்துவார். காயவைக்கும் அறை ஒன்றை அரசாங்கம் ஐந்து மில்லுக்கும் பொதுவாகக் கட்டித் தந்தால் பிழைக்கலாம். இல்லையென்றால் ரம்பத்தைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட வேண்டியதுதான். அறை கேட்டு மனு மேல் மனு போட்டவளும் ஜெரினாதான்.

"நீ போட்ட மனுவுக்குத்தான்க்கா வர்றாரு. எதுக்கு இப்டி முழிக்கிறே?" என்றான் வசீம்.

"மனு போட்டா இதுவரைக்கும் எவன்டா வந்துகீறான்? இவன் மட்டும் வர்றான்னா இன்னா அர்த்தம்?"

வசீமுக்கு அர்த்தம் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது. முன்பு ஒருத்தன் "சும்மா பார்த்துட்டுப் போறேன்" என்று வந்து, டீ குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனான். அடுத்த மாதம் தூசி அதிகம், சத்தம் அதிகம் என்று ஐந்து மில்லுக்கும் நோட்டீஸ் வந்தது. பக்கத்தில் கண்டெய்னர் யார்டு வைத்திருப்பவனுக்கு இந்தச் சந்தின் மேல் வெகுநாளாகக் கண். அவன்தான் ஆள் அனுப்பினான் என்று சந்து முழுக்கப் பேச்சு.

"ஓடற மில்லுக்குத்தான் நோட்டீஸு. ஓடாத மில்லுக்கு எவன் குடுப்பான்?" என்றாள் ஜெரினா.

சொல்லும்போதே அவளுக்கு வழி பிறந்துவிட்டது. அவர் வந்து போகும்வரை ஐந்து மில்லிலும் ரம்பம் சுற்றக்கூடாது, கண்ணில் ஒரு கட்டை படக்கூடாது. ஆனால் தேக்குக் கட்டையைக் கட்டிலுக்கு அடியிலா தள்ள முடியும்? ரம்பம் ஓட்டும் தங்கப்பாண்டிதான் யோசனை சொன்னான்.

"ரோட்டுல டிரெய்லருங்க க்யூ கட்டி நிக்கிது பாயம்மா. லாரில ஏத்தி அதுங்க பின்னாடி நிக்க வுட்டா எவன் எண்ணப் போறான்? அது நகர்றதுக்குள்ள அந்தாளு டெல்லிக்கே போய்ச் சேந்துடுவாரு."

துறைமுகத்துக்குள் போகக் காத்துக் கிடக்கும் அந்த வரிசையின் வாலில், மறுநாள் காலை ஐந்து மில்லின் மரமும் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நின்றது. ஜெரினா மில்லைப் பெருக்கித் தண்ணீர் தெளித்தாள். ஆட்களை வீட்டுக்கு அனுப்பினாள்.

நீலமேகம் பஸ்ஸில் வந்து இறங்கி, வேர்க்க விறுவிறுக்க நடந்து வந்தார். தோளில் துணிப்பை, காலில் தேய்ந்த செருப்பு. ஜீப்பில் வராத அதிகாரி. ஜெரினாவின் சந்தேகம் இன்னும் ஒரு படி ஏறியது.

"மில் ஓடலையாம்மா?"

"எங்க சார் ஓடுது. ரொம்ப நாளாச்சு."

"ஆளுங்க?"

"ஊருக்குப் போயிட்டாங்க."

அவர் காற்றை முகர்ந்து பார்த்தார். "மரவாசனை வருதே?"

"அது பழைய வாசனை சார்" என்றாள், கண் இமைக்காமல். வசீம் தரையைப் பார்த்தான்.

அவர் மற்ற நான்கு மில்லுக்கும் போனார். அங்கும் அதே பதில். ஜெரினா முந்தின நாளே எல்லாருக்கும் பாடம் சொல்லிக் கொடுத்திருந்தாள். திரும்பி வந்தவர் ஸ்டூலில் உட்கார்ந்து டீயைக் குடித்தார். வசீம் நீட்டிய கவரைத் தொடவில்லை. காசு வாங்காதவன் பெரிய இடத்து ஆள் என்று ஜெரினா முடிவு கட்டினாள்.

"உங்க மனுவைப் படிச்சேன்மா" என்றார். "அறுத்த மரத்துக்கு இறக்குமதி வரியைக் குறைக்கலாமான்னு பேச்சு நடக்குது. இங்க மில்லு ஓடுது, குறைச்சா அடிபடும், காயவைக்கிற அறை குடுத்தா அவங்களும் போட்டி போடுவாங்கன்னு நான் போய்ச் சொல்லணும். அதுக்குக் கண்ணால பார்க்கணும். பார்க்கிறதுக்குத்தான் இங்க ஒண்ணும் இல்லையே. வேற ஏதாச்சும் சொல்லணுமா?"

ஜெரினாவுக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ரோட்டுக்கு வாங்க சார், காட்டறேன் என்று சொல்ல வேண்டியது ஒரு வார்த்தை. தூண்டிலில் புழு இப்படித்தான் இருக்கும் என்றும் தோன்றியது. "ஒண்ணுமில்ல சார்" என்றாள்.

அவர் எழுந்து போனார். போகிற வழியில் கண்டெய்னர் யார்டு வாசலில் நின்று காவலாளியிடம் ஏதோ பேசினார்.

"பாத்தியா, எங்க போய் நிக்கிறான் பாரு" என்று வசீமின் தோளை இடித்தாள். அவளுக்கு உயிர் திரும்பி வந்தது போல இருந்தது. மறுநாள் தங்கப்பாண்டி அந்தக் காவலாளியிடம் விசாரித்தான். திரும்பிப் போகிற பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டாராம். "வேற இன்னா சொல்லுவான் அவன்" என்றாள் ஜெரினா.

நோட்டீஸ் எதுவும் வரவில்லை. ஐந்து மில்காரர்களும் அவள் சாமர்த்தியத்தை மெச்சினார்கள். அவளும் அதைக் கூச்சமில்லாமல் ஏற்றுக்கொண்டாள்.

சில மாதம் கழித்து வசீம் போனைக் கொண்டு வந்து நீட்டினான். அறுத்த மரத்துக்கு வரி குறைந்துவிட்டது. காயவைக்கும் அறை வேறொரு துறைமுகத்துக்குப் போய்விட்டது. வடசென்னையில் மில்கள் ஏற்கெனவே நின்றுவிட்டதால் யாருக்கும் பாதிப்பில்லை என்று செய்தியில் இருந்தது. அந்த வாக்கியத்தை ஜெரினா இன்னொரு முறை படித்தாள். ஐந்து குடும்பத்தின் சோற்றில் தானே மண்ணை அள்ளிப் போட்டுவிட்டோம் என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. தெரிந்தும் கோபம்தான் முதலில் வந்தது. நீலமேகத்துக்குப் போன் போட்டாள்.

"எப்படி சார் மில்லே இல்லன்னு எழுதினீங்க? அஞ்சு மில்லும் ஓடிகினு கீது சார்." போனை ரம்பத்துக்குப் பக்கத்தில் நீட்டிப் பிடித்தாள். தங்கப்பாண்டி அறுத்துக்கொண்டிருந்த கட்டை வீறிட்டது. "கேக்குதா?"

கட்டை அறுந்து ரம்பச் சத்தம் அடங்கியதும் அவர் கேட்டார்.

"அன்னிக்கு ஏம்மா சொல்லலை?"

"உங்களை நம்பலை சார்."

"குழுவுலயும் கேட்டாங்கம்மா" என்றார் அவர். குரலில் கோபமில்லை, களைப்பு இருந்தது. "மரவாசனை வந்துதுன்னு நீங்களே சொல்றீங்களே, மில்காரங்க மரத்தை மறைச்சு வெச்சிருக்கலாம் இல்லையான்னு என்னைக் கேட்டாங்க. அறை வேணும்னு மனு மேல மனு போட்டவங்க எதுக்கு மறைக்கப் போறாங்க, அந்தம்மா பொய் சொல்றவங்க இல்லைன்னு நான்தான் அடிச்சுப் பேசினேன்."